முப்பத்தோரு வீட்டு ஃபைலு

அப்படியேதான்! வேற எப்படிங்கற? முப்பத்தோரு வீட்டு ஃபைலையும் ஒரே மத்தியானத்துல தொடச்சு வெச்சுட்டுப் போயிட்டான் சுகுமாறன். என் கண்ணு முன்னாடி! இதே நாற்காலியில ஒக்காந்துக்கிட்டு, நான் வாங்கிக் குடுத்த தே தாரிக் டீய உறிஞ்சிக்கிட்டே! இரு இரு, ஒன் ஐசியக் குடு, அந்த அடையாளக் கார்ட. முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் ஒரே தாள்லதானே? மெஷினு சூடாகணும். கெழட்டு மெஷினு, இப்பதான் முழிச்சிருக்கு, கொஞ்ச நேரம் ஆகும். ஒக்காரு. அந்த நாற்காலி வேணாம், அதுல அவன் ஒக்காந்தான். இதுல ஒக்காரு.

நீ ஊருக்குப் புதுசு, இல்ல? மொகத்தப் பாத்தாலே தெரியுது. பழைய ஆளா இருந்தா நான் வாயத் தெறந்ததுமே, "அக்கா, பஸ்ஸு வந்துருச்சு"ன்னு ஓடியிருப்ப. தாமான் வீட்டுல வாடகைக்கா? ம்... ம்... நல்லது லா. என் பேரு பஞ்சாலை. இந்த ரந்தாவ் டவுன்ல "போட்டோஸ்டாட் பஞ்சாலை"ன்னு கேட்டா பசார்ல மீன் விக்கிற சீனன்கூட கை காட்டுவான். கல்யாணப் பத்திரிக, கருமாதிப் பத்திரிக, பாஸ்போர்ட்டு படம், கவர்மெண்டு போராங் பாரம், எல்லாம் இங்கதான். ஊர்ல ஒருத்தன் பொறந்தா, கட்டுனா, செத்தா எனக்குத் தெரியாம நடக்காது.

எங்க விட்டேன்? ஆங், அந்தக் கடங்காரப் பய. கடன்னா காசு இல்ல, திட்டுறதுக்குச் சொல்றேன்.

அஞ்சாங்கட்டைத் தோட்டம் தெரியுமா? தெரிஞ்சிருக்காது. கம்பெனிக்காரன் ரப்பர வெட்டிட்டு செம்பனை வெச்சான். இப்ப செம்பனைய வெட்டிட்டு பங்களா வெக்கப் போறான். நடுவுல நாங்க இருக்கோம், லயத்து வரிசை வீட்டுல, முப்பத்தோரு குடும்பம். நானும்தான், பதினாலாம் நம்பரு. எட்டு வருசமா மனு மேல மனு போட்டு, கம்பெனிக்காரன் வாசல்ல நின்னு கத்தி, கடைசியில சரின்னுட்டான். லயத்துல இருக்கிற குடும்பத்துக்கெல்லாம் ஆளுக்கொரு வீடு. ஆனா பத்திரம் பூராவும் காட்டணும். ஐசி, பொறப்பு சுராட், சம்பளச் சீட்டு, கல்யாண சுராட், எல்லாத்தையும் சிரம்பான் ஆபீஸ்ல கொண்டு போய்க் குடுக்கணும். என்னைக்குள்ள? இன்னைக்கு! அஞ்சு மணிக்குள்ள! அஞ்சு அடிச்சதும் கவுண்டர மூடுவான். பேரு இல்லாதவனுக்கு வீடு இல்ல. மணி என்ன இப்ப? ரெண்டே முக்காலா? ஐயோ! பாரு, பேசிக்கிட்டே இருந்தா கொஞ்சம் மறந்திருக்கு.

ஆறு வாரம்மா! ஆறு வாரம் லயத்துக்கும் கடைக்கும் மோட்டார்ல நடையா நடந்து, ஒவ்வொரு வீடா, ஒவ்வொரு சுராட்டா வாங்கி, ஸ்கேன் பண்ணி, திருப்பிக் குடுத்து... சும்மாவா? இராஜமாணிக்கம் அண்ணன எடுத்துக்க. ஐசில ஒரு வருசம், பொறப்பு சுராட்ல வேற வருசம். அந்தக் காலத்து ஆபீஸ் கிராணி வாய்க்கு வந்தத எழுதி வெச்சிருக்கான். அந்தக் கணக்குப்படி பாத்தா அவரு அவரோட தம்பிக்கே தம்பி! அதுக்கு ஒரு சத்தியப் பத்திரம், அதுக்கு ரெண்டு நாள். இன்னொரு அம்மா கல்யாண சுராட்ட அரிசி டின்னுக்குள்ள வெச்சு, அதுல பாதிய எலி தின்னுருச்சு. நல்லவேள, புருசன் பேரு இருந்த பக்கத்தத்தான் தின்னுச்சுன்னு அந்தம்மா சிரிக்குது. எனக்குச் சிரிப்பா வந்துச்சு?

எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டேன். பேரு "ரூமா". மலாய்ல வீடு. ராசியா இருக்கட்டுமேன்னு வெச்சேன். தெறந்தா முப்பத்தோரு வீடும் வரிசையா நம்பர் போட்டு நிக்கும், லயம் மாதிரியே. பாக்கவே அவ்ளோ அழகா இருக்கும்மா.

அப்புறம் இவன் வரான். சுகுமாறன் யாருன்னு சொல்லலியா? எங்க தோட்டக் கமிட்டிக்குச் செயலாளரு. லாரி ஓட்றான். நல்லாத்தான் இருந்தான். எட்டு வருசமும் எனக்கு முன்னாடி நின்னு கத்துனவன் அவன்தான், அத இல்லன்னு சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் குடும்பத்த நிக்க வெச்சு போட்டோ எடுத்திருக்கேன்க்கா, அதையும் சேத்து பிரிண்டு போடுங்கன்னு ஒரு டிஸ்க்கக் கொண்டாந்து குடுத்தான். கையளவு, வெள்ளி கலரு. அவன் மக காலேஜுல வெச்சிருக்கிற ஆப்பிள் கம்ப்யூட்டர்ல போட்டதாம்.

இந்தா சொருவுறேன்... ஒண்ணும் வரல. கல்லு மாதிரி கெடக்கு. ஏன்னா என்னோடது லினக்ஸு. என்ன, சிரிக்கிற? ஏன், ரந்தாவ்ல லினக்ஸ் இருக்கக் கூடாதா? மொதல்ல நானும் விண்டோஸ்தான் வெச்சிருந்தேன். ஊர்ல இருக்கிற பென்ட்ரைவு பூரா இந்த ஓட்டைக்குள்ளதான பூருது? ஒவ்வொண்ணுலயும் ஒரு வைரஸு. பள்ளிக்கூடப் புள்ளைங்க கொண்டாறது ஒரு ரகம்னா, வாத்தியாருங்க கொண்டாறது அதவிட மோசம். மாசத்துக்கு ஒரு தடவ படுத்துரும். வெறுத்துப் போயி யூடியூப் பாத்து நானே லினக்ஸ் போட்டுக்கிட்டேன். ஒரு இந்தோனேசியாக்காரன் சொல்லித் தரான்மா, அவ்ளோ பொறுமை! எங்க வீட்டுக்காரரு இருக்காரே, கணேசமூர்த்தி, "ஒனக்கெதுக்கு இந்த வேல"ன்னாரு. அவருக்கு கேஸ் டின்னு மாத்தத் தெரியாது. நான் கறுப்பு ஸ்கிரீன்ல எழுத்தெழுத்தா அடிச்சு கம்ப்யூட்டர வேல வாங்குறேன். யாரு பெரியவங்க, நீயே சொல்லு.

மெஷினா? பச்ச லைட்டு வந்துருச்சா? வரும், வரும். நீ கேளு.

ஆப்பிள்காரன் டிஸ்க்கு நம்மாளுக்குப் புரியாத பாஷ பேசுது. அவன் உள்ளுக்குள்ள ஃபைலு அடுக்கி வெக்கிற முறையே வேற. அதுக்கு ஒரு மொழிபெயர்ப்புக்காரன மொதல்ல டவுன்லோடு பண்ணிப் போடணும். போட்டேன். அப்புறம் கறுப்பு ஸ்கிரீனத் தெறந்து "சூடோ மவுண்ட்"னு அடிக்கணும். சூடோ தெரியுமா? அது நம்ம தோட்டத்துப் பெரிய கிராணி மாதிரி. அவரு பேரச் சொன்னா எந்தக் கதவும் கேள்வி கேக்காம தெறக்கும். மவுண்டுன்னா ஏத்துறது. டிஸ்க்கு பேர அடிக்கணும், எந்த ஃபோல்டர் மேல ஏத்தணுமோ அதோட பேர அடிக்கணும், எண்டர் தட்டணும். மொத தடவ என்னமோ "அறியாத வகை"ன்னு திட்டுச்சு. விடுவேனா? எழுத்த மாத்தி அடிச்சேன். மூணாவது தடவ... சத்தமே இல்ல. சத்தம் போடலன்னா ஜெயிச்சாச்சுன்னு அர்த்தம். ஏறிருச்சு! சுகுமாறன் வாயப் பொளந்துக்கிட்டு, "அக்கா, நீங்க இருக்க வேண்டிய எடமே வேற"ங்கறான். எனக்கு அப்படியே குளுந்து போச்சு.

சரின்னு ரூமாவத் தெறக்கறேன்.

காணோம்மா! ஒரு வீட்டக் காணோம்! முப்பத்தோரு வீட்டு ஃபைலும் இருந்த எடத்துல, இந்த சுகுமாறன் லங்காவி பீச்சுல அரைக்கால் சட்டையோட நிக்கிறான்! பின்னாடி தண்ணி, முன்னாடி தொப்ப! "என்னடா பண்ண?"ங்கறேன். "நான் ஒண்ணும் பண்ணலக்கா"ங்கறான். டிஸ்க்கக் கொண்டாந்தது யாரு? நீ. கொண்டாறதுக்கு முன்னாடி ஃபைலு இருந்துச்சா? இருந்துச்சு. கொண்டாந்ததுக்கு அப்புறம்? இல்ல. அப்ப யாரு அழிச்சா, சாமியா?

அதோட விடல நான். டிஸ்க்கத் திருப்பித் தர மாட்டேன்னுட்டேன். சாட்சி! அதோ பாரு, மூணு நாளா சொருவுன எடத்துலயே இருக்கு. கம்ப்யூட்டரையும் அணைக்கல. அணைச்சா சாட்சியும் போயிரும்ல? மூணு நாளா ஒவ்வொரு போட்டோவாப் பாக்குறேன். பாத்தா... இந்தா, இதப் பாரு, ஸ்கிரீன்லயே வெச்சிருக்கேன். இது சுகுமாறன். பக்கத்துல யாரு? கம்பெனி மானேஜரு! நடுவுல என்ன? துரியான் பழம்! ரெண்டு பேரும் ஒரே துரியான்ல கைய விட்டுக்கிட்டு இளிக்கிறாங்க! சும்மா யாராச்சும் துரியான் வாங்கிக் குடுப்பானா? வெல போயிட்டான்! நம்ம பத்திரமெல்லாம் இல்லாமப் பண்ணா நம்ம வீடு அவனுக்கு மிச்சம்!

சும்மா இருப்பேனா? வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன் ஒரு வாய்ஸு. நாலு நிமிசம் இருபது செகண்டு. முப்பத்தோரு குடும்பமும் கேட்டுச்சு. "இந்தத் துரோகி வாசல்ல வந்து நின்னா கதவத் தெறக்காதீங்க"ன்னு முடிச்சேன். நல்லா வந்துச்சு வாய்ஸு, நானே நாலு தடவ கேட்டேன். அவன் ஒரு பதில் போடல. ஒரு எழுத்து! யோக்கியனா இருந்தா பேசுவான்ல?

என்ன? கேள்வியா? கேளு... எந்த ஃபோல்டர்லயா? ஏத்துனதா? எதுக்கு அது? நீ என்ன வேல பாக்குற... செண்டாயான் ஃபேக்டரியில... கம்ப்யூட்டர் லைனா! அடிப்பாவி, இத முன்னாடியே சொல்லக் கூடாதா? அரமணி நேரமா ஒனக்கு சூடோ சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்! எங்க, நான் பேசுறப்பவா சொல்ல வந்த? சரி விடு.

அடிச்சது இருக்கும்மா. மேலம்பு பட்டனத் தட்டுனா பழசு வரும். இந்தா... இல்ல, இது வேற... இந்தா, இதான். சூடோ மவுண்ட்டு, ஆப்பிள்காரன் வகை, டிஸ்க்கு பேரு, அப்புறம்... ரூமா. ஆமா, ரூமா மேலதான் ஏத்துனேன். வேற எங்க ஏத்துவாங்க?

புதுசா ஒரு காலி ஃபோல்டரா? ஆமா, அந்த இந்தோனேசியாக்காரனும் அதத்தான் சொன்னான். "ஃபோல்டர் கோசோங், ஃபோல்டர் கோசோங்"னு பத்து தடவ. நான்தான் கேக்கல. பின்ன? கோசோங்ல யாராச்சும் நல்ல காரியம் தொடங்குவாங்களா? பக்கத்து வீட்டுக் கிண்ணத்தத் திருப்பிக் குடுக்கறப்பவே ஒரு கரண்டி சீனியாச்சும் போட்டுத்தான குடுக்கறோம்? புது வீட்டுக்கு மொதல்ல உப்பும் மஞ்சளும்தான கொண்டு போறோம்? முப்பத்தோரு குடும்பத்து வீட்டு வேல, காலி ஃபோல்டர்ல தொடங்குனா வெளங்குமா? அவனுக்கு என்ன தெரியும், அவன் சும்மா வீடியோ போடறவன். நெறஞ்ச ஃபோல்டராப் பாத்து, ராசியானதாப் பாத்து, ரூமா மேல ஏத்துனேன். நல்லதுக்குத்தானம்மா.

ஏன் அப்படிப் பாக்குற?

...என்ன சொல்ற? மறைக்குமா? எத எது மறைக்கும்?

மெதுவாச் சொல்லு. தரையில சாமான் இருக்கு. அதுமேல பாய விரிக்கிறேன். பாய்தான் தெரியும். சரி. சாமான்... சாமான் எங்க போகும், அடியிலதான... இரு. இரு இரு இரு. அப்ப பாய எடுத்தா?

...

இல்ல. நீ சும்மா சொல்ற. அப்படி இருக்காது. மூணு நாளும்மா! மூணு நாளா நான்... சரி, எறக்கிப் பாக்கலாம். நீயே அடி. இல்ல, நானே அடிக்கிறேன், தள்ளு. சூடோ... எறக்கு... ரூமா. எண்டர்.

"பிசி"ங்குது! என்ன பிசி? யாரு பிசி? ஓ... அந்தத் துரியான் படம் தெறந்து கெடக்குதா. அத மூடணுமா. மூடிட்டேன். லங்காவியையும் மூடிட்டேன். எண்டர்.

சத்தமே இல்ல.

ரூமாவ நீ தெற. நான் பாக்கல. கண்ண மூடிக்கிறேன்... இருக்கா? ஒண்ணாம் நம்பரு இருக்கா? ரெண்டு? எண்ணு, எண்ணும்மா... இருபத்தேழு, இருபத்தெட்டு... முப்பத்தொண்ணு. ஐயோ, என் தெய்வமே! எலி தின்ன சுராட்டு கூட இருக்கு! எல்லாம் இங்கயேதான் இருந்திருக்கு! மூணு நாளா நான் இதுமேல ஒக்காந்துக்கிட்டு...

கேளும்மா. இது நமக்குள்ள இருக்கட்டும், என்ன? கம்ப்யூட்டர் தானா சரியாயிருச்சுன்னு சொல்லிரலாம். இல்லன்னா, நீ வந்து மீட்டுக் குடுத்தன்னு சொல்றேன், ஒனக்கும் ஊர்ல பேரு கெடைக்கும். அழிஞ்சது அழிஞ்சதுதான், மீட்டது மீட்டதுதான், அதுல என்ன பொய் இருக்கு? அப்படிப் பாக்காத. ரொம்பச் சின்ன வயசு ஒனக்கு, ரொம்பப் பெரிய கண்ணா இருக்கு.

மணி மூணே காலு. பிரிண்டு போட ஒரு மணி நேரம், சிரம்பான் போக அர மணி நேரம். ஆனா கையெழுத்து? கமிட்டி கையெழுத்து இல்லாம கவுண்டர்ல வாங்க மாட்டான். யாரு கையெழுத்து? செயலாளரு கையெழுத்து. யாரு செயலாளரு?

...அந்தத் தொப்பதான்.

நீ கொஞ்சம் பேசிக் குடேன். ஒன் குரலு நல்லா பதவிசா இருக்கு. "போட்டோஸ்டாட் கடையில இருந்து பேசறேன்"னு மட்டும் சொல்லு, மிச்சத்த... இந்தா, அடிச்சுட்டேன், ரிங்கு போகுது, புடி, புடிம்மா... எங்க? ஏம்மா! காப்பி கூட எடுக்கலியே! ஏம்மா! ஓடுறா பாரு, பஸ்ஸு வந்துருச்சுன்னு... எடுத்துட்டான்.

ஹலோ. சுகுமாறா... நான்தான். பஞ்சாலை அக்கா.

...எங்க இருக்க? சிரம்பான்லயா? ஆபீஸ்லயா! அங்க என்ன பண்ற?

...வீடு வீடாப் போயி சுராட்டு வாங்குனியா? மறுபடியுமா? எப்ப? மூணு நாளாவா... லாரிக்கு லீவு போட்டுட்டா...

...பத்தொம்போது வீடு குடுத்தாங்களா. நல்லது. நல்லது தம்பி. எவனும் என்கிட்ட மூச்சு விடல பாரு. என் வாய்க்குப் பயந்தா?

...மிச்சம் பன்னெண்டு?

...தெறக்கலியா.

...ம்.

...என்னது? மன்னிப்பா? நீ எதுக்குடா என்கிட்ட மன்னிப்பு கேக்குற? டிஸ்க்குல என்ன இருந்துச்சுன்னு தெரியாமக் கொண்டாந்துட்டேங்கறியா... ஒன் தப்புதாங்கறியா... இல்ல, இரு, நான் பேசறேன். இல்ல, நீ பேசாத, நான்... கொஞ்சம் இருடா.

நீ ஒண்ணும் அழிக்கல. எதுவுமே அழியல. நான்தான் ஒன் டிஸ்க்க எங்க ஏத்தக் கூடாதோ அங்க ஏத்தி, எல்லாத்தையும் மறைச்சு வெச்சுட்டு, ஒன்னத் திட்டுனேன். அவ்ளோதான். குரூப்புல சொல்றேன். நாலு நிமிசம் திட்டுனேன்ல, எட்டு நிமிசம் சொல்றேன். அப்புறம் திட்டு, இப்ப கேளு. பன்னெண்டு வீட்டு ஃபைலும் என் கையில இருக்கு. ஒன் போனுக்கு அனுப்பறேன், அங்கயே ஒரு கடையில பிரிண்டு எடுத்து அஞ்சு மணிக்குள்ள குடுத்துரு. நம்பரச் சொல்லு. எந்தெந்த வீடு தெறக்கல?

...ரெண்டு. ம். ஒம்போது. ம். பதினொண்ணு. ம். அப்புறம்?

...

...ஆமா. பதினாலுதான். நேத்து காலையில நீ தட்டுனது கேட்டுச்சுடா. உள்ளதான் இருந்தேன். டிவி சத்தத்தக் கூட்டி வெச்சேன்.